நீரிழிவு மருந்தும் வயிற்றுத் தொல்லையும்

மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நோயாளிகள் பலர் தமக்குள்ளாகவே ஒரு முடிவுக்கு வருகின்றனர். காலையில் இரண்டு மூன்று முறை வயிறு கலங்குகிறது. வாயில் உலோகச் சுவை தங்குகிறது. உணவைக் கண்டாலே குமட்டுகிறது. எனவே வெளியூர்ப் பயணம் உள்ள நாளில் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். அடுத்து உறவினர் திருமணம், அலுவலகக் கூட்டம், வங்கிக்குச் செல்லும் நாள் என்று விடுபடும் நாள்கள் பெருகுகின்றன. மருத்துவரிடம் இதைச் சொல்வதில்லை. மலம், வாயு பற்றிப் பேசக் கூச்சம் ஒருபுறம். 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா?' என்று கடிந்துகொள்வாரோ என்னும் தயக்கம் மறுபுறம்.

மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் இரத்தச் சர்க்கரை ஏறியிருக்கிறது. மருத்துவர் கண்முன் இருப்பது அந்த எண் மட்டுமே. மருந்து போதவில்லை என்று கருதி அவர் அளவைக் கூட்டுகிறார். அல்லது இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். கூட்டிய அளவு வயிற்றை மேலும் படுத்துகிறது. விடுபடும் மாத்திரைகளும் கூடுகின்றன. நோய் முற்றியதால் அன்றி, சொல்லாமல் விட்ட ஒரு செய்தியால் சிகிச்சை திசைமாறிப் போகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நாடு தழுவிய ஆய்வு, 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படும் மருந்து மெட்ஃபார்மின். ஆகவே இதை ஒரு சிலரின் சங்கடம் என்று ஒதுக்க இயலாது. இத்தொல்லைகள் ஏன் வருகின்றன, அவற்றுள் எவை தாமே அடங்கும், எவற்றை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பனவற்றை இங்கே பார்ப்போம். அளவை மாற்றுவதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் எதைக் கேட்பது என்று அறிந்துகொள்வது நம் பொறுப்பு.

மெட்ஃபார்மின் வயிற்றை ஏன் கலக்குகிறது?

ஐரோப்பாவில் பழங்காலம் முதல் மூலிகையாக வழங்கிய கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளை ஒட்டி உருவானது இம்மருந்து. 1957-ல் பாரிசு நகர மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இதை நீரிழிவுக்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார். 1998-ல் வெளியான பிரிட்டனின் புகழ்பெற்ற நீரிழிவு ஆய்வில், உடற்பருமன் உள்ள நோயாளிகளிடையே, வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டுச் சிகிச்சையில் இருந்தோரைவிட மெட்ஃபார்மின் உண்டோருக்கு நீரிழிவு தொடர்பான இறப்பு 42 விழுக்காடு குறைந்திருந்தது. விலையும் மலிவு. எளிதில் கைவிடத்தக்க மருந்து அன்று என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

விழுங்கிய மெட்ஃபார்மினில் ஏறத்தாழ பாதிதான் இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியது குடலிலேயே தங்குகிறது. குடற்சுவரில் இதன் செறிவு இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் பல மடங்கு மிகுதி. அங்கே இது பித்த உப்புகள் மீண்டும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மிஞ்சிய பித்த உப்புகள் பெருங்குடலில் நீரை ஈர்த்து மலத்தை இளக்குகின்றன. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் விகிதமும் மாறுகிறது. மருந்தின் நற்பயனில் ஒரு பகுதியே குடல் வழியாகத்தான் கிடைக்கிறது என்று இப்போது அறியப்படுகிறது. வயிறு கலங்குவது விஷத்தின் அடையாளமும் அன்று, ஒவ்வாமையும் அன்று. மருந்து தங்கும் இடத்தில் எழும் சலசலப்பு. நான்கில் ஒருவருக்கு இது ஏதேனும் ஒரு வடிவில் நேர்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. இருபதில் ஒருவர் அளவில்தான் எவ்வகையிலும் தொடர முடியாமல் போகின்றனர்.

'மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்' என்ற பேச்சு நாடெங்கும் உலவுகிறது. மருந்தை நிறுத்தத் தேடும் மனத்துக்கு அது வசதியான காரணமாகவும் அமைந்துவிடுகிறது. உண்மை வேறு. இம்மருந்து சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. முன்பே சிறுநீரகம் பழுதுற்றிருந்தால் மருந்து உடலில் தேங்கிவிடும் என்பதால், ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் அளவு 45-க்குக் கீழே இறங்கினால் மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார். 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவார். ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதற்காகவே.

மெதுவாகத் தொடங்குவதே முதல் தீர்வு

வயிறு பழகிக்கொள்ள அவகாசம் தரவேண்டும். பொதுவாக 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நாளின் பெரிய உணவுடன் தொடங்கி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அடுத்த படிக்கு ஏறுவது வழக்கம். ஏறிய படியில் தொல்லை கூடினால் முந்தைய படிக்கு இறங்கி, சில வாரம் பொறுத்து மீண்டும் முயலலாம். முதல் நாளிலேயே 1000 மில்லிகிராம் இருவேளை என்று எழுதப்பட்டிருந்தால், 'குறைந்த அளவில் தொடங்கலாமா?' என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

வெறும் வயிற்றில் விழுங்குவது தொல்லைக்கு வித்திடும். ரொட்டியோ சோறோ பாதி உண்ட பின், அல்லது உண்டு முடித்த உடனே விழுங்குவது நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை. கிளிமெபிரைடு போன்ற மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையாயின் உணவுக்குச் சற்று முன்போ முதல் கவளத்துடனோ எடுக்கச் சொல்வார்கள். அதை உணவின் முடிவுக்குத் தள்ளக் கூடாது. நம் நாட்டில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் மிகுதி. பெயரின் இறுதியில் 'எம்' அல்லது 'மெட்' என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே மெட்ஃபார்மின் இருக்கும். தனி மெட்ஃபார்மினும் கூட்டு மாத்திரையும் இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளிலிருந்து ஒரே வீட்டுக்கு வந்து சேர்வதுண்டு. அட்டையின் பின்புறத்தில் உள்ள பெயர்களையும் அளவுகளையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது பயனுள்ள வேலை.

எளிய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை எனில், அடுத்து கேட்க வேண்டியது எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். எனப்படும், மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடும் வகையை. மருந்து ஒன்றேதான், குடலுக்குள் ஒரே நேரத்தில் கொட்டாமல் பல மணி நேரம் கசிகிறது. பலருக்கு வயிற்றுப்போக்கு இதனால் குறைந்துவிடுகிறது. பெரும்பாலும் இரவு உணவுடன் எடுக்கலாம் என்பதால் காலை வேளையின் அவசரமும் தணிகிறது. இதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மருந்து கரைந்த பின் மாத்திரையின் வெற்றுக்கூடு சிலருக்கு மலத்தில் வெளிப்படும். அதைக் கண்டு 'மாத்திரை செரிக்கவே இல்லை' என்று அஞ்சி இன்னொன்றை விழுங்க வேண்டியதில்லை. மக்கள் மருந்தகங்களிலும் இவ்வகை குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆதலால் செலவு ஒரு தடையாக இராது.

காலையில் வெளியே செல்ல வேண்டியிருக்கிறது என்பதற்காக மாத்திரையை விடுவதைவிட, வேளையை மாற்றலாமா என்று கேட்பது அறிவுடைமை. ஓய்வூதியர்களுக்கு ஒரு செய்தியை இடையே நினைவூட்டுகிறோம்: ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை ஜீவன் பிரமாண் வழியாக, முகம் காட்டும் முறையில், கைப்பேசி கொண்டு வீட்டிலிருந்தே அளிக்கலாம். அதற்காகவேனும் மருந்தை விட்டுக் கிளையில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

மாத்திரையின் மேல் விழும் வேறு பழிகள்

நோய் கண்டறிந்த வாரத்திலேயே சமையலறையும் மாறிவிடுகிறது. காலையில் ஊறவைத்த வெந்தயம், பாகற்காய்ச் சாறு, மலத்தை இளக்கும் திரிபலா சூரணம், புதிதாக வாங்கிய பன்தானிய மாவு என்று எல்லாம் ஒன்றாக நுழைகின்றன. திடீரென்று கூடும் நார்ச்சத்து தானே வாயுவையும் இளக்கத்தையும் தரவல்லது. 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் மிட்டாய், சாக்லேட், பிஸ்கட் பலவற்றில் சார்பிட்டால், மால்ட்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் உள்ளன. இவை குடலில் முழுதும் உறிஞ்சப்படாமல் நீரை ஈர்த்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மக்னீசியம் கலந்த மருந்தும் அவ்வாறே. பால் ஒத்துக்கொள்ளாத உடல்வாகு நம் நாட்டில் மிகுதி என்பதையும் மறக்கலாகாது. ஆகவே மாத்திரையைக் குற்றம் சாட்டுமுன், அதே வாரத்தில் வேறென்ன புதிதாக வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புதியன யாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்காமல் இருப்பது இன்னும் நன்று.

முதல் சில வாரங்களில் எண்ணெயில் பொரித்தவை, மசாலா மிகுந்த சோலே படூரே போன்றவை, ஒரே வேளையில் பேருண்டி ஆகியவற்றைத் தவிர்த்தால் வயிறு விரைவில் ஒத்துவரும். கிச்சடி, தயிர்ச் சோறு, இட்லி, மெலிந்த பருப்புடன் ரொட்டி என்று எளியவை போதும்.

இன்னொரு நிலையும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் மெட்ஃபார்மின் ஒத்துக்கொண்ட ஒருவருக்குத் திடீரென வயிற்றுப்போக்கு தொடங்கி வாரக்கணக்கில் நீடிக்கிறது. இதற்கும் மாத்திரை காரணமாகலாம். ஆனால் நோய்த்தொற்று, தைராய்டுக் கோளாறு, நீரிழிவால் குடல் நரம்புகள் பழுதுறுதல், கணையக் குறைபாடு என்று வேறு காரணங்களும் உள. இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வயிற்றில் தொல்லையே தராமல் குடலில் நிகழும் ஒரு விளைவையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உண்போருக்குப் பி12 உயிர்ச்சத்து உறிஞ்சப்படுவது குறையக்கூடும். இச்சத்து விலங்குவழி உணவுகளிலேயே உள்ளதால், பாலும் அதிகம் அருந்தாத சைவ உணவினருக்கு இழப்பு கூடுதல். கால் மரத்துப்போதல், எரிச்சல், சோர்வு என்று வெளிப்படுவதால் நீரிழிவின் நரம்புப் பாதிப்பு என்றே கருதிவிட நேர்கிறது. ஒரு இரத்தப் பரிசோதனை இதைப் பிரித்துக் காட்டும், மருந்தும் எளிதே. மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக எழாது.

வாயுவைத் தரும் மாத்திரையும் ஒரு கட்டாய எச்சரிக்கையும்

வோக்லிபோஸ், அகார்போஸ் என்னும் மருந்துகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாகப் பிளக்கும் சிறுகுடல் நொதிகளைத் தடுக்கின்றன. உணவுக்குப் பிந்தைய சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. பிளவுறாத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன, வாயு எழுகிறது. கூட்டுக் குடும்பத்திலும் அலுவலகத்திலும் இது தரும் சங்கடம் சிறிதன்று. அந்தச் சங்கடத்தாலேயே மருந்தை விட்டவர் பலர். குறைந்த அளவில் தொடங்குவதும், ராஜ்மா, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் போன்றவற்றையும் இனிப்புகளையும் தொடக்கத்தில் குறைப்பதும் உதவும். சில வாரங்களில் வாயு தணிவது வழக்கம். முதல் கவளத்துடன் எடுத்தால்தான் இம்மருந்து வேலை செய்யும். உணவைத் தவிர்க்கும் வேளையில் இதற்கு வேலையே இல்லை.

இம்மருந்து உண்போர் வீட்டில் அனைவரும் அறிய வேண்டியது வேறொன்று. வோக்லிபோஸ் தனியே சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவதில்லை. ஆனால் நம் நாட்டில் அது கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டுடனும் சேர்ந்த முக்கூட்டு மாத்திரையாகவே பெரிதும் விற்பனையாகிறது. கிளிமெபிரைடோ இன்சுலினோ சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம். அப்போது நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒரு கரண்டி சீனியையோ வெல்லத்தையோ மிட்டாயையோ வாயில் இடுகிறோம். சீனி என்பது குளுக்கோசும் ஃப்ரக்டோசும் இணைந்த ஒன்று. அவ்விணைப்பைப் பிளக்கும் நொதியைத்தான் மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. எனவே சீனி உடனே பயன் தராது. பிஸ்கட்டும் ரொட்டியும் அதனினும் தாமதமாகும்.

தேவைப்படுவது குளுக்கோஸ் பொடி. ஏறத்தாழ 15 கிராம், அதாவது 3 தேக்கரண்டி அளவைத் தண்ணீரில் கலந்து தரவேண்டும். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்து, இன்னும் தாழ்ந்திருந்தால் மீண்டும் தரவேண்டும். பழச்சுவை சேர்த்த பொடிகளில் சீனி கலந்திருக்கக்கூடும் என்பதால் வெற்றுக் குளுக்கோஸையே வாங்குக. பொடி இல்லாத இடத்தில் தேன் உதவும்; அதில் குளுக்கோஸ் முன்பே பிரிந்த நிலையில் உள்ளது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. ஒரு பொட்டலம் வீட்டில், ஒன்று கைப்பையில், ஒன்று வாகனத்தில் இருக்கட்டும். மருந்துச்சீட்டு எழுதும் அவசரத்தில் இவ்விவரம் விடுபட்டுப் போவது, எம் கருத்தில், வயிற்றுத் தொல்லைகள் அனைத்தையும்விடக் கவலைக்குரியது.

ஊசி மருந்துகளும் குமட்டலும்

லிராகுளுடைடு, செமாகுளுடைடு, 2025-ல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு ஆகியவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, பசியைக் குறைக்கின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகியன அளவைக் கூட்டும் வாரங்களில் மிகுதி. பழைய அளவிலேயே பரிமாறிய தட்டை முழுதும் உண்டு முடிப்பதுதான் பெரும்பாலான குமட்டலுக்குக் காரணம். தட்டைச் சிறிதாக்கி, மெதுவாக உண்டு, வயிறு நிறைந்த முதல் குறிப்பிலேயே கைகழுவ வேண்டும். விருந்து வீட்டில் 'இன்னும் கொஞ்சம்' என்பவரின் மனம் நோகுமே என்று உண்பது இம்மருந்துக்கு ஒவ்வாது. நெய், பூரி, பக்கோடா வகைகள் இரைப்பையில் நெடுநேரம் தங்கும்; குறைக்க வேண்டும்.

மாத்திரை வடிவிலான செமாகுளுடைடை வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீருடன் விழுங்கி, 30 நிமிடம் வேறெதுவும் உண்ணாமலும் குடிக்காமலும் இருக்க வேண்டும். எழுந்தவுடன் தேநீர் என்ற பழக்கம் உள்ளவர்க்கு இது கடினம். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் எடுப்பவர், இரண்டின் வரிசையையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி வாந்தியுடன் வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனை செல்க. அறுவைச் சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ செல்லும்போது, வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரைப்பையில் உணவு தங்கியிருப்பது மயக்கநிலையில் ஆபத்து.

உண்மையிலேயே நோய்வாய்ப்பட்ட நாளில்

மாத்திரையைத் தாமே விட வேண்டாம் என்று இதுவரை சொன்னோம். ஒரு விதிவிலக்கு உண்டு. கெட்டுப்போன உணவாலோ தொற்றாலோ கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு உடல் வறளும்போது மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மருந்துகளையும் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதே மருத்துவ நடைமுறை. வறட்சியில் சிறுநீரகம் தளர்ந்தால் முதல் மருந்து தேங்கும். இரண்டாம் வகை இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டக்கூடும். இன்சுலினை மட்டும் முற்றாக நிறுத்தக் கூடாது. எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது சிறந்தது. நள்ளிரவில் யாரைக் கேட்பது?

இந்நிலையில் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்க நீரிழிவு நோயாளிகள் அஞ்சுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உள்ளது. அதுவும் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்சுவதற்காகவே சேர்க்கப்படுகிறது. 1971-ல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அளவோடு அருந்தி, சர்க்கரையைச் சோதித்துக்கொண்டால் போதும். பெட்டிகளில் விற்கும் இனிப்பான பழச்சுவைப் பானங்கள் இதற்கு மாற்றாகா. எதைக் குடித்தாலும் தங்கவில்லை, மூச்சு ஆழமாகி விரைகிறது, தூக்கக்கலக்கம் மிகுகிறது என்றால் வீட்டில் காத்திருக்கலாகாது.

நவராத்திரி விரதமோ ரமலான் நோன்போ இருப்போர் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண்பது நல்லது. ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும் விரத உணவாகும்போது மாவுச்சத்து கூடுகிறது. பகல் முழுதும் வெறும் வயிறாக இருந்து ஒரே வேளையில் உண்ணும்போது மாத்திரையின் வேளையும் மாற வேண்டும்.

மருத்துவரிடம் சொல்லும் முறை

'வயிறு சரியில்லை' என்பது மருத்துவருக்குப் போதிய செய்தி அன்று. இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில் மாத்திரையின் பெயரும் அளவும், எடுத்த நேரம், உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை முறை வெளிக்குப் போனது, அன்று என்ன உண்டது என்பவற்றை எழுதிச் செல்க. வாயால் சொல்லக் கூசுவதைத் தாள் சொல்லிவிடும். விட்ட மாத்திரைகளின் எண்ணிக்கையையும் மறைக்காமல் எழுதுக.

எல்லாம் முயன்றும் மெட்ஃபார்மின் ஒத்துவரவில்லை எனில் வழியில்லாமல் இல்லை. வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் போன்றவை வயிற்றை அவ்வளவாகப் படுத்துவதில்லை. முறையே 2019-லும் 2022-லும் இவற்றின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தபின் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் பெரிதும் இறங்கியுள்ளது. முன்பு விலை கேட்டு வேண்டாம் என்றவர்கள் இப்போது மீண்டும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது குறிப்பேட்டுடன், மாத்திரை மீந்திருக்கும் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்க.